அக்காள்மடத்தில் பள்ளிக்கூடம் போகாத ரெண்டு பிள்ளைகள்

தீவுக்குக் குடிபோய்விட்டோம் என்று சொன்னதும் கோயம்புத்தூர்ச் சொந்தக்காரர்கள் கண்ணில் ஓடுவது நாலு தென்னை மரம், ஒரு குடிசை, ஒரு படகு. அந்த மாதிரித் தீவு ராமநாதபுரம் பக்கம் இல்லாமல் இல்லை. மன்னார் வளைகுடாவில் இங்கிருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. குருசடை, முயல் தீவு, நல்லதண்ணித் தீவு என்று பெயரைக் கேட்டாலே போகலாம் போலிருக்கும். ஆனால் ஒன்றிலும் குடியிருக்க முடியாது. 1986-லிருந்து அது கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது. அந்த 21-ல் ரெண்டு இப்போது தண்ணீருக்கு அடியில். சுற்றியிருந்த பவளப்பாறையை வருஷக்கணக்காக வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் போய்விட்டது. ஆக, குடும்பம் குட்டியோடு தீவில் இருக்க வேண்டுமென்றால் இந்தக் கரையில் மிச்சம் இருப்பது பாம்பன் தீவுதான். அதாவது ராமேஸ்வரம். எல்லாரும் ஒரு நாள் வந்து 22 தீர்த்தத்தில் குளித்து, தனுஷ்கோடியில் போட்டோ எடுத்துக்கொண்டு மதுரைக்குத் திரும்புகிற அதே ஊர்.

"இது என்ன தீவு, பஸ் போகுதே" என்றார் எங்கள் அண்ணி. போகும்தான். 1988-ல் சாலைப் பாலம் வந்ததிலிருந்து போகிறது. அதற்கு முன்னால் ரயிலை விட்டால் படகு.

நாங்கள் இருப்பது ராமேஸ்வரம் டவுனில் இல்லை, பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே அக்காள்மடத்தில். சைக்கிளை வடக்கே மிதித்தால் பாக் நீரிணை, தெற்கே மிதித்தால் மன்னார் வளைகுடா. என் வீட்டுக்காரர் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறவர், வேலை முழுக்க லேப்டாப்பில். மாமனார் ரயில்வேயில் இருந்த காலத்தில் கொஞ்ச வருஷம் பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபம் ஊரில் வளர்ந்தவர் என்பதால் அவருக்கு இந்தக் கரை மேல் ஒரு கிறுக்கு உண்டு. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை, கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பு. வாடகை குறைவு, பிள்ளைகளுக்கு வெளி இருக்கிறது, இந்த ரெண்டு காரணம் எனக்குப் போதுமாக இருந்தது.

பிள்ளைகள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரியவள் யு.கே.ஜி. முடிக்கும்போது கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். தமிழ்நாட்டில் சின்ன வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பரில். அந்த ஒன்றரை வருஷத்தில் வீட்டிலேயே படிக்கப் பழகிவிட்டாள், திரும்பப் போகவில்லை. சின்னவன் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறான். கோயம்புத்தூரில் இது பெரிய விஷயமே இல்லை. இதே மாதிரி நாலைந்து குடும்பம் இருந்தது, சனிக்கிழமை சனிக்கிழமை வ.உ.சி. பூங்காவில் சேர்ந்துகொள்வோம். அபார்ட்மென்டில் எதிர்வீட்டுக்காரருக்கு எங்களுக்குப் பிள்ளைகள் இருப்பதே தெரியுமோ என்னவோ.

இங்கே அப்படி இல்லை. காலை பத்து மணிக்கு ரெண்டு பிள்ளைகளோடு தெருவில் இறங்கினால் கடைவாசல் வரைக்கும் அத்தனை பேருக்கும் பதில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். "இன்னைக்குப் பள்ளிக்கொடம் லீவா?" "காய்ச்சலா?" "டி.சி. கிடைக்கலையா?" ஒரு பெரியவர் நேரடியாக, "ஃபீஸ் கட்ட முடியலன்னா சொல்லுங்கம்மா, சர்ச்சுல கேப்போம்" என்றார். அவ்வளவு நல்ல மனசு, எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

எதிர்வீட்டு அக்கா கேட்டதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது. அவர் கடலில் பாசி எடுக்கிறவர். வந்த புதிதில் நான் வீட்டுக் கல்வி பற்றி ஒரு சின்னப் பிரசங்கமே செய்து முடித்ததும், விரலில் சுற்றியிருந்த துணிக் கிழிசலை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "கடலுக்குப் போகக்கூடாதுன்னுதான் நாங்க புள்ளைகள பள்ளிக்கொடத்துக்கு அனுப்புறோம் தாயி. நீங்க என்னடான்னா பள்ளிக்கொடத்த விட்டுட்டு கடலுக்கு வந்திருக்கீக."

அவருடைய மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். அந்த ஃபீஸ் எங்கிருந்து வந்தது என்று அவர் விரலைப் பார்த்தால் தெரியும். பாறையிலும் பவளத்திலும் உரசி, துணி சுற்றியும் தோல் வெடித்து, நகத்தைச் சுற்றி வெள்ளையாக ஊறிப்போயிருக்கும். தலையைத் தண்ணீருக்குள் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாறையில் ஒட்டியிருக்கிற கஞ்சிப்பாசியையும் மரிக்கொழுந்துப் பாசியையும் பிடுங்கி இடுப்புப் பையில் போடுகிற வேலை. ஐஸ்கிரீமிலும் ஜெல்லியிலும் சேர்க்கிற அகர் இந்த ரெண்டு பாசியிலிருந்து வருகிறது. பக்கத்துச் சின்னப்பாலத்தில் இதே வேலை செய்கிற லட்சுமி என்பவருக்கு 2015-ல், தீவுகளின் சுற்றுச்சூழலைக் காக்கிறவர்களுக்குத் தருகிற சீகாலஜி விருது கிடைத்தது, வெளிநாடு போய் வாங்கினார், அது இங்கே எல்லாருக்கும் பெருமை. ஆனால் எந்த அம்மாவும் தன் மகள் பாசிக்குப் போகவேண்டும் என்று நினைக்கவில்லை. நான் என் மகளைக் கூட்டிக்கொண்டு போய், "பாரு, எவ்வளவு அழகா எடுக்கறாங்க" என்று காட்டினால் அது அவர்களுக்கு எப்படி இருக்கும்? என் பிள்ளை வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து வரைபடம் போடுவாள். அவளுக்குக் கடல் பிழைப்பு இல்லை. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு "கடலே பள்ளிக்கூடம்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

அது மட்டும் இல்லை, பின்னக் கணக்கு கடலிலிருந்து வராது. ஏழாம் வாய்பாடும் வராது. காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை கட்டாயம் உட்கார்ந்துதான் ஆகவேண்டும், கணக்கு, தமிழ், ஆங்கிலம். புத்தகம் அரசுப் பாடநூல்தான், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சின்னவன் அழுவான், நான் கத்துவேன், வீட்டுக்காரர் உள்ளே இருந்து "மீட்டிங்ல இருக்கேன்" என்பார். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

கலாம் பெயரைச் சொல்லாமல் இந்த ஊரில் படிப்பைப் பற்றிப் பேசவே முடியாது. அவர் அடக்கமான பேக்கரும்பு எங்களுக்கு அடுத்த ஊர் தங்கச்சிமடத்தில்தான் இருக்கிறது. "கலாமே பள்ளிக்கொடம் போய்த்தானம்மா படிச்சாரு" என்பார்கள். வாஸ்தவம். இங்கே ஆரம்பப் பள்ளி, அப்புறம் ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளி. எனக்கும் ஒரு பதில் கைவசம் உண்டு. பறவை எப்படிப் பறக்கிறது என்று வகுப்பில் சொல்லிப் புரியாதபோது, அவருடைய வாத்தியார் சிவசுப்பிரமணிய ஐயர் மாணவர்களைக் கடற்கரைக்கே அழைத்துப் போய்ப் பறவைகளைக் காட்டினாராம். கலாமே பலமுறை சொன்ன கதை இது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கும் ஒரு வாத்தியாரு வேணுமுல்ல?" என்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் வாத்தியார்கள் தானாகவே வந்துவிட்டார்கள். நாங்கள் வந்து இறங்கியது 2024 ஜூன். இங்கே கச்சான் காற்று வீசுகிற காலம். தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் இடைவிடாமல் அடிக்கும், க்ளிப் போட்ட துணியே பக்கத்துக் காம்பவுண்டில் கிடக்கும், சோறு வடித்தால் சோற்றில் மணல். தெற்குக் கடல் அப்போது கொந்தளிக்கும், வடக்குக் கடல் குளம் போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பியதும் எல்லாம் தலைகீழ், வடக்கே ஆட்டம், தெற்கே அமைதி. தனுஷ்கோடிப் பக்கம் ஆண் கடல், பெண் கடல் என்று ரெண்டுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது மூலைக் கடை அண்ணாச்சி. பருவக்காற்று என்று புத்தகத்தில் ஒரு அம்புக்குறி போட்ட படம் இருக்குமே, அந்தப் பாடத்தைப் பெரியவள் கொடியில் துணி போட்டே முடித்துவிட்டாள். காற்று எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம் கலங்கல், அன்றைக்கு என்ன மீன் வந்தது என்று ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். கச்சான் மாதங்களின் பக்கங்களில் மணல் உதிரும்.

ஓதம் பற்றியும் அந்தப் பாசி அக்காவிடம்தான் கற்றுக்கொண்டாள். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள், அந்த நாட்களில்தான் பாசிக்குப் போகிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு அக்கா, "அப்பத்தான் தண்ணி நல்லா வத்தும்" என்றார், அவ்வளவுதான். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் அதிகம் வற்றமும் அதிகம் என்பதை அன்று சாயங்காலம் எலுமிச்சம்பழமும் ஆரஞ்சும் வைத்து நான் விளக்கினேன். மறுநாள் அவளே போய் அக்காவுக்கு விளக்கியிருக்கிறாள். "உங்க மக எனக்குக் கிளாஸ் எடுத்துட்டுப் போறா" என்று சிரித்தார். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்குக் குழம்பு வர ஆரம்பித்தது.

இதில் சிக்கலான பாடமும் இருந்தது. மூங்கில் சட்டத்தில் கட்டி வளர்க்கிற வெளிநாட்டுப் பாசி ஒன்று இங்கே பலருக்கு வருமானம். அதே பாசி குருசடைத் தீவுப் பக்கம் பரவிப் பவளத்தின் மேல் படர்ந்து மூடியதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். யார் பக்கம் நியாயம் என்று பெரியவள் கேட்டாள். நீயே எழுது என்றேன். ரெண்டு பக்கம் எழுதிவிட்டு, பவளத்தின் பக்கம் பேசினால் எதிர்வீட்டில் குழம்பு நின்றுவிடுமோ என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். வெட்டச் சொல்லவில்லை.

நல்ல தண்ணீர் இன்னொரு பெரிய பாடம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும், எப்போது வரும் என்பது வேறு. வராத நாளில் குடம், லாரி. கோயம்புத்தூரிலிருந்து வந்த எனக்கு இது ஒரு தனிப் படிப்பு, அரிசி கழுவின தண்ணீர் எங்கே போகவேண்டும், துவைத்த தண்ணீர் எங்கே போகவேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை வந்துவிட்டது. தனுஷ்கோடி போனபோது கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பாட்டி மணலைக் கையால் தோண்டி, ஊறி வந்த தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். சின்னவன் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, உப்பே இல்ல" என்று கத்தினான். சுற்றிக் கடல், நடுவில் இனிப்புத் தண்ணீர். பாட்டி அவனைப் பார்த்து, "ரொம்பத் தோண்டுனா உப்பாயிரும் ராசா" என்றார்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி டம்ளரில் உப்புத் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் மஞ்சள் கலந்த நல்ல தண்ணீரைக் கரண்டி வழியாக மெதுவாக விட்டோம். மேலே மஞ்சள், கீழே தெளிவு, ரெண்டும் கலக்காமல் நின்றது. மணலில் இறங்குகிற மழைத்தண்ணீர் கனம் குறைவு, கடல் தண்ணீர் கனம் அதிகம், அதனால் மழைத்தண்ணீர் மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே கிட்டத்தட்ட 40 அடி வரை அது உப்பை அழுத்திப் பிடித்திருக்கும் என்பது இதற்கான கணக்கு. மோட்டார் போட்டு மேலே இருப்பதை உறிஞ்சினால் கீழே இருக்கிற உப்பு ஏறிவரும். ஆழமாக போர் போட்ட வீட்டில் உப்பு, ஆழமில்லாத பழைய கிணற்றில் நல்ல தண்ணீர் என்று தெருவிலேயே ரெண்டும் இருக்கிறது, சின்னவன் வீடு வீடாகப் போய் நக்கிப் பார்த்துவிட்டு வந்தான். தண்ணீர் கேட்டு வருகிற பிள்ளையை யாரும் விரட்டவில்லை, பதிலுக்கு எல்லா வீட்டிலும் "நீ எந்தப் பள்ளிக்கொடம்?" என்று கேட்டிருக்கிறார்கள். "எங்க அம்மா பள்ளிக்கூடம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அதிலிருந்து தெருவில் எனக்கு டீச்சரம்மா என்று பெயர்.

2024 நவம்பர் 20-ஐ இங்கே யாரும் மறக்கமாட்டார்கள். ஒரே நாளில் ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பிள்ளைகள் பாட்டிலை வெட்டி அளவு குறித்து மொட்டை மாடியில் மழைமானி வைத்திருந்தார்கள், அது எப்போதோ நிரம்பி வழிந்துவிட்டது. அளவெடுக்கப் போன பெரியவளைப் படியிலேயே பிடித்து நிறுத்தினேன். தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. பாசி அக்கா அரிசி மூட்டையை எங்கள் கட்டிலின் மேல் ஏற்றி வைத்துவிட்டு, நாங்கள் நனைந்த புத்தகங்களை அடுப்பு மேடையில் அடுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "மொதல்ல அரிசி, அப்புறம்தான் புஸ்தகம்" என்றார். மழை விட்ட பிறகு பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டைப் பற்றிப் படித்தோம். 1 என்றால் தூரத்தில் எங்கேயோ உருவாகியிருக்கிறது, 3 என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம், 10 வரைக்கும் போகப் போக ஆபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். 11 தான் சின்னவனுக்குப் பிடித்த எண். நான் கூப்பிட்டு அவன் பதில் சொல்லாவிட்டால் அவனே "பதினொன்னு" என்பான்.

பாலத்தைப் பற்றி எழுதினால் தனிப் பதிவாகிவிடும், ஆனாலும் கொஞ்சம். நாங்கள் வந்தபோது தீவுக்கு ரயிலே இல்லை. 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள், புதுப் பாலம் முடியவில்லை. நடுவில் கப்பலுக்காக மேலே தூக்குகிற பாகத்தை அப்போது அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருந்தார்கள், 72.5 மீட்டர் நீளம். சாலைப் பாலத்தில் நின்று சின்னவன் பார்த்துக்கொண்டே இருப்பான். பழையது நடுவில் பிரிந்து ரெண்டு பக்கமும் தூக்கும், ஆட்கள் கையால் நெம்பித் திறக்க வேண்டும். புதியது அப்படியே படுத்தவாக்கில் 17 மீட்டர் மேலே போகும், மோட்டார். 2025 ஏப்ரல் 6-ல் திறந்தார்கள். 1964 புயலில் பழைய பாலம் சிதைந்தபோது ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னதிலிருந்து, வீட்டில் எந்த வேலை தாமதமானாலும் "46 நாள் ஆச்சா?" என்கிறான். பாத்ரூம் குழாய் அதைத் தாண்டிவிட்டது.

நண்பர்கள் விஷயம்தான் கஷ்டமாக இருந்தது. காலையில் தெரு காலி. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில், சாயங்காலம் நாலரைக்குத்தான் ஊருக்கு உயிர் வரும், அதிலும் பாதிப் பேர் டியூஷன். பெரியவள் மூன்று மணியிலிருந்தே வாசலில் நிற்பாள். பூங்காவில் சந்தித்துக்கொண்ட எங்கள் பழைய கூட்டம் இங்கே கிடையாது, வீட்டில் படிக்கிற வேறு பிள்ளை தீவில் இருந்தாலும் எனக்குத் தெரிந்து இல்லை. நான் என்னதான் எலுமிச்சம்பழத்தை உருட்டினாலும் பதினோரு வயதுப் பெண்ணுக்கு இன்னொரு பதினோரு வயதுப் பெண் வேண்டும்.

இதைச் சரிசெய்தது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. படகெல்லாம் கரையேறிவிடும், பெயின்ட் அடிப்பது, பலகை மாற்றுவது, வலை பொத்துவது என்று ஆண்கள் எல்லாரும் ஊரிலேயே இருப்பார்கள். அதே சமயம் பள்ளிக்கூடமும் முழுப்பரீட்சை முடிந்து லீவு. ஊரில் எல்லாரும் விடுமுறை என்று நினைக்கிற நேரம் எங்கள் வீட்டுக்கு முழுநேரப் பள்ளி, ஏனென்றால் சொல்லிக்கொடுக்கிறவர்களும் கரையில், கூடப் படிக்கிற பிள்ளைகளும் கரையில். அதனால் எங்கள் பெரிய லீவைக் கார்த்திகை, மார்கழிக்கு மாற்றிவிட்டோம், எப்படியும் அப்போது மழையில் கரண்ட் இருக்காது.

போன தடைக்காலத்தில் சின்னவன் வலை பொத்தக் கற்றுக்கொண்டான். சொல்லிக்கொடுத்த மாமா அவசரப்படவே இல்லை. கிழிந்த கண்ணைச் சுற்றி முதலில் கத்தியால் வெட்டி ஓட்டையைப் பெரிசாக்கினார். "ஓட்டையப் பெருசாக்குறீங்க?" என்று இவன் பதற, "பிஞ்ச ஓரத்துல முடிச்சுப் போட்டா நிக்காதுடா, நல்ல நூலு வரைக்கும் போகணும்" என்றார். அப்புறம் ஊசியில் நூலைச் சுற்றி, விரலை அளவுகோலாக வைத்து ஒவ்வொரு கண்ணும் ஒரே அளவில் வர முடிச்சுப் போடச் சொன்னார். ஒரு முடிச்சு தளர்ந்தாலும் இழுத்துப் பார்த்துப் பிரிக்கச் சொல்வார். நோட்டில் அழித்து எழுதச் சொன்னால் அழுகிற பிள்ளை, அங்கே வாயே திறக்காமல் பிரித்துப் பிரித்துப் போட்டான். நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன், பக்கத்தில் போயிருந்தால் கெட்டிருக்கும். அந்த மாமாவின் மகன் பாலிடெக்னிக் படிக்கிறான், வலை ஊசியைத் தொட்டதில்லை. தொட வேண்டாம் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்கிறது, வீட்டுக் கல்வியைப் பற்றி நேராக ஒன்றும் பேசவில்லை. வருஷா வருஷம் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நடக்கும். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து அரசுப் பள்ளி டீச்சர் ஒருவர் வந்தார். "எமிஸ் நம்பர் இருக்கா?" என்றார் முதலில். பள்ளிக்கல்வித் துறைப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கிற எண் அது. பெரியவளுக்குக் கூட அது கிடையாது என்றதும் முகம் மாறியது. அவரை உட்காரவைத்து டீ கொடுத்து, பிள்ளைகளின் நோட்டுகளை முன்னால் வைத்தோம். காற்று நோட்டை மட்டும் வெகுநேரம் புரட்டினார். போகும்போது, "எங்க பிள்ளைங்களுக்கு இத ஒரு நாள் வந்து காட்டச் சொல்லுங்க" என்றார். போய்க் காட்டினாள், அங்கேதான் இப்போதைய ரெண்டு நெருங்கிய தோழிகள் கிடைத்தார்கள். பரீட்சை வழியும் அவரே விளக்கினார்: பன்னிரண்டரை வயது முடிந்தால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். அப்படி வேண்டாம் என்றால் 14 ஆனதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் நேரே பத்தாம் வகுப்பு. தனியாகக் கோச்சிங் எதுவும் வேண்டியதில்லை, பாடப் புத்தகம் போதும் என்றும் சொன்னார்.

குடிவர நினைக்கிறவர்களுக்கு இரும்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இரும்புக் கட்டில், இரும்பு பீரோ எதையும் ஏற்றிக்கொண்டு வராதீர்கள். எங்கள் சைக்கிள் செயின், ஃப்ரிட்ஜின் அடிப்பக்கம், லேப்டாப் சார்ஜர் முனை எல்லாவற்றையும் உப்புக் காற்று தின்றுவிட்டது. வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை எதையாவது சுரண்டி எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார். நெட் பரவாயில்லை, புயல் நாட்களைத் தவிர. சின்ன உடம்பு நோவுக்கு ராமேஸ்வரம் அரசு மருத்துவமனை, பெரிசு என்றால் பாலம் தாண்டி ராமநாதபுரம், 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மீன் விலையைக் கேட்டுப் பொறாமைப்படாதீர்கள், நல்ல மீன் முதலில் வெளியூருக்குத்தான் போகிறது. எங்களுக்குக் காரலும் சூடையும். காரல் சொதி வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன், முள் எடுக்க இன்னும் வரவில்லை.

போன மாதம் பெரியவள் ஒரு நாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள், எட்டாவதை எழுதிவிட்டு ஒன்பதாவது அந்தத் தோழிகளோடு பள்ளிக்கூடத்தில் சேரப்போகிறாளாம். காரணம் கேட்டேன். லேப் இருக்கிறது, த்ரோபால் டீம் இருக்கிறது, அப்புறம் "மத்தியானம் சாப்பாட்டுக்குப் பேசிட்டே உக்கார ஆள் இருக்குது". மூன்றாவது காரணத்துக்கு எதிர்வாதம் செய்ய என்னால் முடியவில்லை. வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம். சின்னவனுக்கு அந்த வருத்தம் இல்லை, அக்கா போனால் மேசை முழுக்க அவனுக்குத்தானே. நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் படிப்பது அவளுக்காகத்தான் என்று இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அவள் வேறு கேட்கும்போது இல்லை என்று சொல்வது எப்படி?

பாசி அக்காவிடம் சொன்னேன். ஜெயித்த சிரிப்பு ஒன்று வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. நேரே காரியத்துக்கு வந்துவிட்டார்: "சேரட்டும் தாயி. யூனிஃபார்முக்கு மட்டும் நல்ல துணியா எடு. இந்த உப்புக் காத்துல மட்டத் துணி ஒரே வருசத்துல வெளுத்துப் போயிரும், அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காத."